பந்தின் மேல் இரண்டு புள்ளி

கோல்ஃப் ஆட்டத்தின் மறக்க முடியாத தருணங்கள் என்று பத்திரிகைகள் அவ்வப்போது எழுதும். கடைசிக் குழியில் கை நடுங்கித் தவறிப்போன அடி, கொட்டும் மழையில் கோப்பையை வென்ற வயதானவர், மரக்கிளையில் மோதித் திரும்பிக் குழிக்குள்ளேயே விழுந்த பந்து. அப்படிப்பட்ட செய்திகள் என் மேசைக்கு வந்தபோதெல்லாம் எழுத்துப்பிழை பார்த்து அனுப்பியிருக்கிறேன். பினாங்கில் நடந்த ஒரு பந்தயத்தின் கடைசிக் குழியைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் என்று அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி அதில் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு பந்துகள் புல்லில் கிடந்தன. இரண்டு துரைமார் அவற்றைப் பார்த்தபடி நின்றார்கள். என் அப்பா ‘தெரியாது’ என்றார்.

நாங்கள் சலவைக்காரர்கள். ஆயர் ஈத்தாம் பக்கத்திலிருந்து இறங்கி வரும் ஆறு ஊருக்குள் நுழையுமுன் ஒரு வளைவு எடுக்கும். அந்த வளைவில்தான் எங்கள் துவைகற்கள் கிடந்தன. இக்கரையில் எங்கள் தகரக்கூரை வீடுகள் ஒன்றோடொன்று முதுகு ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டு சட்டையை விரித்துக் காயப்போடக்கூட இடம் இல்லை. அக்கரையில் துரைமாரின் கோல்ஃப் திடல் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சையாகக் கிடந்தது. திடலின் ஓரமாக, ஆற்றை ஒட்டி ஒரு நீளத்துண்டு நிலத்தில் மட்டும் கம்பு நட்டுக் கயிறு கட்டிக்கொள்ள கிளப் எங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தது. ஒரு மரப்பலகைப் பாலத்தைக் கடந்து ஈரத்துணி மூட்டைகளைத் தலையில் சுமந்துபோய் அங்கே காயப்போடுவோம். பந்தய நாட்களில் கயிற்றில் ஒரு கைக்குட்டைகூடத் தொங்கக் கூடாது. துரைமார் ஆடும் அழகுக்குக் கேடு.

அப்பாவின் முகத்தை நினைத்தால் களைப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நின்று அவர் பாதங்கள் ஊறி வெளுத்து, வேறு யாருடைய பாதங்களோ போல இருக்கும். அம்மாவுக்கு முதுகு நிமிராது. சாப்பிட உட்கார்ந்தால் இருவரும் பேசமாட்டார்கள். பேசுவதற்கென்று சித்தப்பா ஒருவர் இருந்தார். அவர் தேய்ப்பவர். கரிப்பெட்டியின் சூட்டில் நின்றதாலோ என்னவோ அவருக்கு வாய் ஓயாது.

வாடிக்கை வீடுகளுக்கு எங்களிடம் பெயர் கிடையாது, குறிதான். சேங்கொட்டையில் ஊசியைக் குத்தி எடுத்துத் துணியின் உள்பக்கம் வைத்து, மேலே ஈரச் சுண்ணாம்பைத் தடவினால் கறுத்துவிடும். துணி கிழிந்து கந்தலானாலும் குறி போகாது. குறி வைப்பது அம்மா. ஒரு வீட்டுக்கு மூன்று கோடு, ஒரு வீட்டுக்குப் பிறை, ஒரு வீட்டுக்குக் கோழிக்கால். நான் எழுத்து கற்பதற்கு முன்பே குறிகளைக் கற்றேன். சட்டையின் கீழ்விளிம்பை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் ‘பிறை வீடு’, ‘கோழிக்கால் வீடு’ என்று சொல்லிவிடுவேன். அப்பாவுக்குத் திருப்பிப் பார்க்கவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவியே சொல்லிவிடுவார் என்று சித்தப்பா ஊரெல்லாம் பெருமை பேசுவார்.

கால்சட்டைப் பைகளில் என்னென்னவோ வரும். பொத்தான், சில்லறை, சுருட்டுத் துண்டு. கோல்ஃப் ஆடும் வீடுகளிலிருந்து பந்து வரும். ஒருமுறை ஒரு வீட்டுச் சமையல்காரர், ‘எங்க துரையோட புதுப்பந்த வச்சிக்கிட்டு யாரோடயோ பழைய பந்த அனுப்பிட்டீங்களாமே’ என்று வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். பந்து எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. ஊரில் ஒரே கடைதான் விற்றது. அடுத்த நாளிலிருந்து அம்மா பையிலிருந்து பந்தை எடுத்த கையோடு அதற்கும் அந்தந்த வீட்டுக் குறியை வைத்துவிட்டுத்தான் கால்சட்டையைத் தண்ணீரில் போட்டார். பந்தின் வெள்ளைச் சாயத்திலும் குறி நன்றாகவே பிடித்துக்கொண்டது. துரைமார் அதை ஏதோ டோபி வீட்டுக் கறை என்று நினைத்திருக்க வேண்டும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கதைக்கு வேண்டிய துரைமார் இரண்டு பேர்.

முதலாமவர் ஏணி துரை. இரண்டு கோடு, நடுவே இரண்டு படி. அதுதான் அவர் வீட்டுக் குறி. பெரிய பங்களா. விரிப்பு, மேசைத்துணி, திரைச்சீலை, மேமின் லேஸ் வைத்த பாவாடைகள் என்று வாரத்துக்கு இரண்டு மாட்டுவண்டி துணி வரும். அவர்தான் கிளப்புக்கும் தலைவர். கிளப்பின் துண்டுகளும் அவர் சொல்லித்தான் எங்களுக்கு வந்தன. கயிறு கட்டும் அனுமதியும் அவர் சொல்லித்தான்.

இரண்டாமவர் இரண்டு புள்ளி துரை. கப்பலில் வந்து இறங்கி அதிக நாள் ஆகாதவர். ஏதோ கம்பெனியில் சின்ன உத்தியோகம். இன்னும் சில இளம் துரைமாருடன் ஒரே வீட்டில் தங்கியிருந்தார்; அங்கே மட்டும் ஆளுக்கொரு குறி. அவருடைய மூட்டை ஒரு தலையணை அளவுதான் இருக்கும், காலுறையெல்லாம் ஓட்டை. ஒருநாள் அவர் அடித்த பந்து ஆற்றில் விழுந்து எங்கள் கல்லோரம் ஒதுங்கியது. நான் எடுத்து அக்கரைக்கு எறிந்தேன். ‘பாகுஸ்!’, பிரமாதம் என்று மலாயில் கத்தித் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தார். எனக்கு யாரும் தொப்பியைக் கழற்றியதில்லை. அன்றிலிருந்து நான் அவர் கட்சி.

அந்த வருடப் பந்தயத்தின் இறுதியாட்டம் இவர்கள் இருவருக்கும் இடையில் வந்தது. ஏணி துரை அதற்கு முன் பல ஆண்டுகளாகக் கோப்பையைத் தன் வீட்டு மேசையிலேயே வைத்திருந்தவர். சின்னவர் அவ்வளவு தூரம் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஏணி வீட்டுத் தோட்டக்காரர் வந்து சொன்னார்: “பெரியவருக்குத் தூக்கமே இல்லயாம். பொடிப்பய கிட்ட தோத்துட்டா கிளப்புல மூஞ்சி காட்ட முடியாதுன்னு மேம்கிட்ட எரிஞ்சு விழுறாராம் லா.”

ஞாயிற்றுக்கிழமை. கயிறுகளெல்லாம் வெறுமையாக இருந்தன. துணி காயப்போட முடியாததால் அன்று துவைப்பும் குறைவு. நாங்கள் இக்கரையில் கல்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கரையில் மேம்மார் குடை பிடித்துக்கொண்டு கூட்டமாக நகர்ந்து வந்தார்கள். காலையில் தொடங்கிய ஆட்டம் சாயங்காலம் வரை போயும் யாருக்கும் முந்துதல் இல்லை, சமமாகவே நின்றது. கடைசிக் குழி மிச்சம்.

அந்தக் கடைசிக் குழி ஆற்றை ஒட்டியே போகும். அங்கே பந்தை ஆற்றுக்குக் காணிக்கை கொடுக்காத துரை கிடையாது. அதனால் அந்தக் கிளப்பில் ஒரு பழக்கம் இருந்தது. கடைசிக் குழி வந்ததும் புதுப்பந்தைப் பையில் போட்டுவிட்டுப் பழைய பந்தை எடுத்து ஆடுவார்கள். போனாலும் பழசு போகட்டும் என்று. கோப்பைக்கான ஆட்டத்திலும் கை பழக்கத்தை விடவில்லை போலிருக்கிறது. இருவரும் பழைய பந்தையே எடுத்தார்கள். பழைய பந்து என்றால் கால்சட்டைப் பையில் கிடந்தது. கால்சட்டைப் பையில் கிடந்தது என்றால் எங்கள் வீட்டுக்கு வந்து போனது.

ஒருவர் பின் ஒருவராக அடித்தார்கள். நடுவில் ஒரு மேடு இருந்ததால் பந்துகள் விழுந்த இடம் அவர்களுக்குத் தெரியவில்லை. மேட்டைத் தாண்டி வந்தபோது இரண்டு பந்தும் எங்கள் கயிற்றுக் கம்புகளுக்குப் பக்கத்தில் கிடந்தன. ஒன்று வெட்டிய புல்மேல் முட்டை வைத்தாற்போல் அழகாக. மற்றது ஆற்றுச் சரிவில், லாலாங் புல்லின் வேருக்கடியில், பாதி சேற்றில். மேலே கிடந்த பந்தை அடிப்பவர் குழிக்குப் பக்கத்தில் போய்விடலாம். சேற்றில் கிடந்ததை அடிப்பவர் கோப்பையை மறந்துவிடலாம். இது எனக்கே புரிந்தது.

இருவரும் மேலே கிடந்ததைப் பார்த்தார்கள். இருவரும் அது தன்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். யாரும் குரலை உயர்த்தவில்லை. ஏணி துரையின் கழுத்து மட்டும் சிவந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட நடுவர் வந்து குனிந்து பார்த்தார். இரண்டும் ஒரே கடைப் பந்து. இரண்டிலும் கறுப்பாக ஏதோ குறி. கறை என்று நினைத்தது டோபி வைக்கும் குறி என்று அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்; தங்கள் பந்தில் அது உண்டு என்பது இருவருக்கும் நினைவிருந்தது. என்ன குறி என்பது இருவருக்கும் நினைவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகாத கண்ணுக்குக் குறியெல்லாம் கறைதானே.

நடுவர் நிமிர்ந்தார். எங்கள் கரையைப் பார்த்துக் கையை அசைத்தார்.

“டோபி! மாரி சினி!”

அப்பா முழங்கால் வரை தண்ணீரில் நின்றிருந்தார். அவருக்குக் கூப்பிட்டது கேட்டது; இருந்தும் கொஞ்ச நேரம் நகரவில்லை. “உன்னைத்தான் ண்ணே கூப்புடுறாங்க, போ. கோப்பைய உங்கிட்டதான் குடுக்கப்போறாங்க,” என்றார் சித்தப்பா. அப்பா கைலியைப் பிழிந்து விட்டுக்கொண்டு பலகைப் பாலத்தில் நடந்தார். என்னை யாரும் தடுக்காததால் நானும் பின்னால் ஓடினேன். எனக்கு அன்று தாங்க முடியாத பெருமை. அத்தனை துரைமார், அத்தனை மேம்மார், ஒருவருக்கும் படிக்கத் தெரியாததை என் அப்பா படிக்கப்போகிறார்.

நடுவர் பந்தைத் தொடக் கூடாது என்று சைகை காட்டினார். பிறகு சந்தைப் பேச்சான பசார் மலாயில் கேட்டார்: “இனி சியாப்பா பூஞா?” இது யாருடையது என்று.

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குந்தினார். கைலி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி வெட்டிய புல்லில் இறங்கியது. நானும் குனிந்தேன். மேலே கிடந்த பந்தில் அம்மாவின் ஊசி வைத்த இரண்டு புள்ளி, பக்கத்துப் பக்கத்தில், பூனைக்குட்டியின் கண் போலத் தெளிவாக இருந்தது. அப்பா எழுந்து சரிவுக்குப் போய் மற்றதையும் பார்த்தார். சேற்றுக்குள்ளிருந்து ஏணியின் ஒரு கால் எட்டிப்பார்த்தது. நான் பார்த்துவிட்டேன் என்றால் அப்பா பார்க்காமல் இருக்க முடியாது.

அவர் திரும்பி வந்து நின்றார். பந்தைப் பார்க்கவில்லை. ஏணி துரையையும் பார்க்கவில்லை. கம்புகளுக்கு நடுவே வெறுமையாகத் தொங்கிய எங்கள் கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றில் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

“அப்பா, ரெண்டு...” என்று ஆரம்பித்தேன்.

அவருடைய ஈரக் கை என் உச்சந்தலையில் இறங்கி அழுத்தியது. “சும்மா இரு குட்டி.”

பிறகு நடுவரிடம், “தா தாஹு, துவான்,” என்றார். தெரியாது.

உன்னுடைய குறிதானே என்று நடுவர் கேட்டார். ஆமாம், எங்கள் குறிதான் என்றார் அப்பா. பிறகு எப்படித் தெரியாமல் போகும்? அப்பா மறுபடியும் அதையே சொன்னார். இம்முறை குரல் இன்னும் சன்னமாக வந்தது. ஏணி துரை முதலில் சிரித்தார். தான் வைத்த குறி தனக்கே தெரியாத டோபி என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லியிருக்க வேண்டும், குடைகளெல்லாம் குலுங்கின. சின்னவர் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா அந்தப் பார்வைக்கு முகம் கொடுக்கவில்லை.

யாருடையது என்று தெரியாத பந்து தொலைந்த பந்துக்குச் சமம் என்று நடுவர் முடிவு சொன்னார். இருவரும் திரும்பிப் போய் மறுபடி அடித்தார்கள். ஏணி துரையின் பந்து மேட்டைத் தாண்டி நேராக வந்தது. சின்னவருடையது காற்றில் வளைந்து எங்கள் ஆற்றில் விழுந்தது. கைதட்டினார்கள். அடுத்த நாள் ஆங்கிலப் பத்திரிகையில் யார் வென்றார் என்று மட்டும் போட்டிருந்ததாம். செய்தி என்ற அளவில் அது சரிதான்.

அன்று சோறு வைத்தபோது அம்மா என்னிடம்தான் கேட்டார்: “எது மேல கெடந்துச்சு?”

“ரெண்டு புள்ளி. ஏணி சேத்துல. நான் பாத்தேன்மா, அப்பாவுக்குத்தான் தெரியல.”

“வாய மூடிட்டுத் தின்னு,” என்றார் அம்மா. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவால் இருக்க முடியவில்லை. “லெச்சம் பாவாடையில எந்தப் பாவாடை எந்த மேமோடதுன்னு சொல்லுவ. முட்டை மாதிரி ஒரு பந்து, அது ஒனக்குத் தெரியலயா? ஏதாச்சும் ஒண்ணச் சொல்லிருக்கலாம்ல ண்ணே. அவுருதுன்னு சொல்லு, இல்ல இவருதுன்னு சொல்லு. ரெண்டுங்கெட்டானா நின்னா ரெண்டு பேருமே நம்மள மதிக்கமாட்டாங்க லா.”

அப்பா தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

அவர் போட்ட கணக்கு இன்று எனக்குத் தெரியும். மேலே கிடந்தது சின்னவருடையது என்று சொன்னால், அத்தனை பேர் முன்னால் தலைவரைச் சேற்றில் இறக்கியவர் ஆவார். அடுத்த ஞாயிறு கம்புகளைப் பிடுங்கச் சொல்லிவிடுவார்கள். பெரியவருடையது என்று சொன்னால் கயிறு நிற்கும். ஆனால் குறியை மாற்றிச் சொன்னவர் ஆவார். அது மட்டும் அவருக்கு நாக்கில் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வார்த்தை இருந்தது. அதில் போய் நின்றுகொண்டார்.

ஆனால் அந்த வார்த்தை ஆற்றைக் கடந்து ஊருக்குள் போய்விட்டது. கிளப்பில் அது வேடிக்கைக் கதையாயிற்று. பிறகு சாப்பாட்டு மேசைகளுக்குப் போயிற்று. அங்கே மேம்மார் சிரித்து முடித்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்கள். தன் குறியே தெரியாதவரிடம் நம் விரிப்புகளை எப்படிக் கொடுப்பது? முதலில் பிறை வீடு நின்றது. பிறகு கோழிக்கால். கடைசியில் ஏணி வீட்டு மேமே, தலையணை உறை ஒன்று மாறிவிட்டது என்று சொல்லித் துணியையெல்லாம் ஊருக்குள் இருந்த சீனர் சலவைக்கடைக்கு அனுப்பிவிட்டார். உறை மாறவில்லை, அம்மா அடித்துச் சொல்வார். கயிற்றைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுக்கவில்லை. கம்புகள் அப்படியே நின்றன. காயப்போட இடம் தாராளமாக இருந்தது. துணிதான் இல்லை.

எனக்கு இதில் ஒன்றே ஒன்றுதான் கவலை. அப்பாவுக்குக் குறி மறந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவும். மறந்தவருக்கு நினைவுபடுத்தினால் போதுமே? நான் ஆற்றுமணலில் குச்சியால் குறி போட்டு, “இது எந்த வீடுப்பா?” என்று கேட்பேன். “போம்மா, வேலை கெடக்கு,” என்பார். ஆனால் துணியைப் பிரிக்கும்போது தவறவே இல்லை. இருந்த கொஞ்சத் துணியும் அவர் கையிலிருந்து சரியான குவியலில் போய்த்தான் விழுந்தது. எனக்குக் குழப்பம். ஒருநாள் கேட்டேவிட்டேன்: “இதெல்லாம் தெரியுதே, அன்னிக்கு மட்டும் ஏம்ப்பா தெரியல?”

அவர் ஒரு சட்டையை உதறிக்கொண்டே, “அது துணி இல்லயே,” என்றார்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. துணி என்றால் தெரிகிறது. பந்து என்றால் தெரியவில்லை. நோய் என்ன என்று பிடிபட்டுவிட்டது.

அந்த வாரத்தில்தான் இரண்டு புள்ளி துரை வந்தார். அவர் மூட்டையை எப்போதும் வேலைக்காரர்தான் கொண்டுவருவார். அன்று அவரே பலகைப் பாலத்தின் மேல் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து வந்தார். கையில் ஒரு சட்டை. அப்பாவின் கல்லுக்கு முன்னால் நின்று, சட்டையின் கீழ்விளிம்பை உள்பக்கமாகத் திருப்பினார். உடுத்தியபோதெல்லாம் இடுப்புக்குள் செருகிக்கொண்ட இடம், அன்றுதான் பார்த்திருப்பார். மறுகையால் பையிலிருந்து பந்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். துணியில் இரண்டு புள்ளி. பந்தில் இரண்டு புள்ளி.

“சாமா?” என்று கேட்டார். ஒன்றுதானா?

அப்பா இரண்டையும் பார்த்தார். ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, “சாமா, துவான்,” என்றார்.

துரை தலையாட்டினார். கோபித்துக்கொள்ளவில்லை. வேறொன்றும் கேட்கவுமில்லை. கம்புகளையும் கயிற்றையும் திரும்பி ஒருமுறை பார்த்தார். அவற்றில் அன்று நாலு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பிறகு சட்டையைக் கல்மேல் வைத்துவிட்டு, பந்தோடு போனார். அவரும் என்னைப் போலவே அப்பாவுக்குக் குறி சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அவர் துணியை நிறுத்தவில்லை. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அந்தத் தலையணை அளவு மூட்டை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வாரமும் கால்சட்டைப் பையில் அதே பந்து. அம்மா அதற்குப் புதிதாகக் குறி வைக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா மூட்டையைப் பிரித்ததும் முதலில் அந்தப் பையைத்தான் தொடுவார். பந்து கையில் தட்டுப்பட்டதும் எடுத்து, உருட்டி, புள்ளிகளைப் பார்த்துவிட்டுக் கல்லோரம் வைப்பார். அந்த மூட்டைச் சட்டைகளை வேறு யாரையும் தொடவிடமாட்டார். சுத்தமாக இருந்ததையே இரண்டாம் முறையும் அடித்துத் துவைப்பார். சனிக்கிழமை தேய்த்த கால்சட்டையின் பையில் பந்தைத் திரும்பவும் வைத்து அனுப்புவார். துரை வாராவாரம் பாடம் அனுப்புகிறார், அப்பா வாராவாரம் படித்துத் திருப்பி அனுப்புகிறார் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பாடம் இத்தனை நாள் எடுப்பதுதான் ஆச்சரியமாக இருந்தது.

“அந்தப் பந்த எடுத்து ஆத்துல வீசேன் ண்ணே,” என்றார் சித்தப்பா ஒருநாள். “அவரு மறதியில போட்டு அனுப்புறாரா, வேணும்னே அனுப்புறாரான்னு பாத்து பாத்து எனக்கே சோறு எறங்கல லா.” அப்பா அடுத்த சட்டையை எடுத்துக் கல்லில் ஓங்கி அடித்தார்.

மழைக்காலம் தொடங்கிய வாரம் மூட்டை வந்தது. அப்பா பையில் கையை விட்டார். எடுத்தார். மறுபையில் விட்டார். பிறகு இரண்டு பைகளையும் வெளியே இழுத்துப் பார்த்தார். பந்து இல்லை. சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினார். அப்புறம் கல்மேல் உட்கார்ந்துவிட்டார். துவைக்கும் நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. துரை பந்தை ஆற்றில் தொலைத்தாரோ, போதும் என்று நிறுத்திக்கொண்டாரோ, அது அவருக்குத்தான் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பாடம் நின்றுவிட்டது. அப்பா இன்னும் தேறவில்லை. இனி நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று மத்தியானம் வளைவின் அடிச்சேற்றில் கை விட்டுத் துழாவினேன். துரைமார் கொடுத்த காணிக்கை அங்கே எப்போதும் கிடைக்கும். சாயம் உரிந்த ஒரு பழைய பந்து கிடைத்தது. யாருடையதோ. எந்தக் குறியும் இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போய், அம்மா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்துச் சேங்கொட்டையில் ஊசியைக் குத்தி, இரண்டு புள்ளி வைத்துச் சுண்ணாம்பு தடவினேன். சாறு பட்ட விரல் கொப்பளித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு புள்ளி பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் வந்துவிட்டது. அம்மாவின் கை வராது.

அப்பா அந்தத் துரையின் கால்சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். நான் பந்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுபோய்ச் சட்டென்று அவர் முன்னால் நீட்டினேன். நடுவர் கேட்ட மாதிரியே கேட்டேன்.

“இனி சியாப்பா பூஞா?”

அவர் பந்தை வாங்கினார். திருப்பினார். கோணல் புள்ளிகளைப் பார்த்தார். என் விரலையும் பார்த்தார். தெரியாது என்று மறுபடி சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

“ரெண்டு புள்ளி துரையோடதும்மா,” என்றார் அப்பா. ஒரு தயக்கமும் இல்லை. பந்தை ஈரத்துணியால் துடைத்து, மடித்த கால்சட்டையின் பையில் வைத்து, மேலே ஒருமுறை கையால் நீவிவிட்டார்.

நான் வீட்டுக்குள் ஓடினேன். அம்மா அன்றைக்கு வந்திருந்த கொஞ்சத் துணிக்குக் குறி வைத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது, பந்தில் இருந்தாலும் தெரிகிறது, இனி எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிடலாம் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு என் கொப்பளித்த விரலைப் பிடித்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்தினார். எடுக்க விடாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டேயிருந்தார்.